ஐஸைக் கழித்தது போக

துறைமுகத் தராசு என் பொறுப்பு,
பதினேழு வருஷமாக.
படகு கட்டியதும் தொட்டி தொட்டியாக ஏற்றுவார்கள்.
காட், ஹேடாக், எப்போதாவது
பல்லை இளித்துக்கொண்டு ஓர் ஓநாய்மீன்.
எண் ஆடி அடங்கும்வரை காத்திருப்பேன்.
தொட்டியைக் கழிப்பேன்.
ஐஸைக் கழிப்பேன்.
மிஞ்சுவது மீன்.
கீழே கையெழுத்து: ஸ்டெய்ன்வர், இசாஃபியோர்துர்.

டிசம்பரில் ரேக்யவிக் போய்
கருப்பையை விட்டுவிட்டு வந்தேன்.
கட்டிகளோடு சேர்த்து
அறுநூற்று நாற்பது கிராம் என்றது ஆய்வகத் தாள்.
எந்தத் தராசில் போட்டீர்கள்,
அதற்குக் கடைசியாக எப்போது முத்திரை வைத்தார்கள்
என்று கேட்டேன்.
டாக்டர் சிரித்தாள்.
சிரித்தால் எனக்குத் தையல் இழுக்கும்.
அதோடு, நான் நிஜமாகவேதான் கேட்டேன்.

போனது அறுநூற்று நாற்பது கிராம்.
வந்தது ஏழு கிலோ.
இப்படி ஒரு கணக்கோடு
எந்தப் படகுக்காரன் வந்திருந்தாலும்
மறுபடி நிறு என்று திருப்பியிருப்பேன்.
நானும் மறுபடி நிறுத்தேன்,
குளியலறையில், சமையலறையில்,
பேட்டரி மாற்றி.
ஏழுதான்.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
சூலகம் அங்கேயேதான் இருக்கிறது, அது காரணமில்லை என்றாள் டாக்டர்.
ஆனாலும் கொஞ்சநாள் சுணங்கலாம் என்றாள், அதே மூச்சில்.
நாற்பத்தெட்டு வயசு என்றாள் அக்கா.
பெர்க்ஸ்வெய்ன் ஒன்றும் சொல்லவில்லை,
லிகரிஸ் மிட்டாய்ப் பையை மட்டும்
மேல்தட்டுக்கு மாற்றிவைத்தான்.
எட்டி எதையும் எடுக்கக் கூடாது என்று
எனக்கு உத்தரவு.
எடுத்தேன்.

ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.
பூனை ஐந்தரைக் கிலோ.
கட்டிலடியில் உட்கார்ந்து
மூடிய கடையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கும்.
விளக்கணைக்கும்முன்
பெர்க்ஸ்வெய்ன் அதை இரண்டு கையால் அள்ளி
என் விலாப்பக்கம் வைப்பான்.
வயிற்றில் அல்ல. ஒருநாளும் மறந்ததில்லை.

நடக்கச் சொன்னார்கள்.
முதல் நாள், இரண்டாவது விளக்குக் கம்பம்.
நண்பகலிலும் மங்கல்;
மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் எங்கள் தெருவுக்கு வரும்.
பூட்ஸில் ஆணிப்பட்டை மாட்டி,
ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி,
கோட்டுக்குள் எதையோ
திருடிக்கொண்டு போகிறவள்போல் நடந்தேன்.

சூரியன் வந்த அன்று
வழக்கப்படி காபியும் பான்கேக்கும்.
ஹலீனா மீன் ஆலையிலிருந்து நேரே வந்தாள்,
விரல்களில் இன்னும் கையுறை வாசனை.
ஜாமும் க்ரீமும் வைத்து ஒன்று தின்றேன்.
இரண்டாவதைப் பாதியாகப் பிய்த்து
அவள் தட்டில் போட்டேன்.
என்ன இது, என்றாள்.
கழிவு, என்றேன்.

பிப்ரவரியில் நீச்சல்குளத்துக்கு அனுமதி.
உடை மாட்டுமுன் எல்லாரும் அம்மணமாகக் குளிக்கவேண்டும் இங்கே.
சோப்புப் போடும்போது பார்த்தேன்,
தழும்புக்கு மேலே ஒரு சிறு மடிப்பு,
குடிவந்தும் கதவில் பெயர் எழுதாதவள்போல.
எதிரே வங்கிக்காரிக்கும் அப்படி ஒன்று.
அவளுக்கு எதை எடுத்தார்களோ.
இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டோம்.

வேலைக்குத் திரும்பிய வாரம்
ஐஸுக்கு அதிகம் கழித்துவிட்டாய் என்று
ஒருவன் சண்டைக்கு வந்தான்.
ஐஸ் மீனில்லை, என்றேன்.
ஐஸில்லாமல் மீன் கரை சேர்ந்திருக்குமா, என்றான்.
அரை விழுக்காடுகூட விட்டுக்கொடுக்கவில்லை.
ஆனால் பூட்டுகிற நேரத்தில்
அந்தக் கேள்வி கூடவே நின்றது.

லாரித் தராசில் ஆளில்லை.
பூட்ஸோடு, கோட்டோடு ஏறினேன்.
இருபது கிலோவுக்கு ஒரு படி அதற்கு.
எண்பது என்றது.
போன வருஷம் ஏறியிருந்தாலும்
எண்பதுதான் சொல்லியிருக்கும்.
நாற்பது டன்னுக்குப் பழகிய கண், ஏழு தெரியாது.
சட்டப்படி முத்திரை வைத்த தராசு அது.

சீட்டு எழுதவில்லை.
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பூட்டினேன்.
காரை அங்கேயே விட்டு
ஒன்பது கம்பம் நடந்த பிறகு ஞாபகம் வந்தது,
வீட்டுச் சாவி காரில்.
திரும்பினேன்.
அதுவும் நடைதான்.